கச்சான் காலத்தில் குடும்பிமலை ஏறுவது: கேட்டவையும் பதில்களும்

கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடி விடுமுறையில், மட்டக்களப்பில் இருக்கிற குடும்பிமலை ஏற ஆசைப்படுகிறவர்கள் கேட்டவை இவை. தொப்பிகல என்றும் சொல்கிற மலைதான். உயரம் ஏறக்குறைய 530 மீற்றர். உயரத்தைப் பார்த்துச் சின்ன மலை என்று எண்ணிவிட வேண்டாம்.

அண்ணா, வெயிலுக்கு முந்தி இரவோடு இரவாக வெளிக்கிட்டால் என்ன? (களுவாஞ்சிக்குடி)

வேண்டாம் தம்பி. மலைக்குப் போகிற வழியில் வரும் கிரான் ஊருக்கு மேற்கே இருட்டில் ரோட்டில் யானை நிற்கும். மோட்டார் சைக்கிள் லைட்டில் அதன் கால் தெரிகிறபோது நீங்கள் அதன் பக்கத்தில் நிற்பீர்கள். கிரானில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு விடியும் மட்டும் இருங்கள். வெளிச்சம் வந்தபிறகு போய், அடிவாரத்தில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். பத்து மணிக்கு எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். உச்சி கண்முன்னால் தெரிந்தாலும் சரி. யானைக்கும் வெயிலுக்கும் நடுவில் நமக்குக் கிடைக்கிறது இந்தச் சில மணித்தியாலங்கள்தான். இதை ஒத்துக்கொள்ளாத ஆளைக் கூட்டிப் போகாதீர்கள்.

ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணி காணுமா? (ஏறாவூர்)

காணாது. ஆளுக்கு மூன்று லீற்றர் கொண்டுபோங்கள், வாகனத்திலும் கொஞ்சம் விட்டுவிட்டுப் போங்கள்.

ஏன் இவ்வளவு என்றால், தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலைநாட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. அதுதான் கச்சான். அது வியர்வையை வந்த உடனேயே உறிஞ்சிவிடும். சட்டை நனையாததால் "எனக்கு வேர்க்கவே இல்லை" என்று பெடியன்கள் சொல்வார்கள். முதுகைத் திருப்பிப் பாருங்கள், கறுப்புச் சட்டையில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். அவ்வளவும் உடம்பிலிருந்து போனது. தாகம் வருமுன்னமே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வெறும் தண்ணியோடு நிற்காமல் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியோ, ஜீவனி என்கிற உப்புச்சீனித் தூளைக் கரைத்தோ எடுங்கள். ஜீவனியைப் பொதியில் போட்டிருக்கிற அளவுத் தண்ணியில்தான் கரைக்க வேண்டும், அரைப் போத்தலில் கரைத்துக் குடிப்பது கூடாது. மூத்திரம் கடும் மஞ்சளாகப் போனால் நீங்கள் ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள்.

காலையில் பழஞ்சோறு சாப்பிட்டுப் போகிறவர்கள் கடைசிவரை நன்றாக நடப்பார்கள், இதை நான் நம்புகிறேன்.

கரடி இருக்கிறதா? (கல்முனை)

இருக்கிறது. பாலைப்பழம் பழுக்கிற காலமும் இதுதான், மரத்தடியில் பழம் பொறுக்க வரும். கரடி திடீரென்று ஆளைக் கண்டால்தான் பாய்கிறது. ஆகவே பற்றைக்குள் போகும்போது கதைத்துக்கொண்டு போங்கள். பாட்டுப்பெட்டி வேண்டாம், யானை கிளை முறிக்கிற சத்தம் உங்கள் காதுக்குக் கேட்க வேண்டும். பாறை இடுக்கில் தேன்கூடு கண்டால் சத்தமில்லாமல் விலகுங்கள். அத்தர் பூசிக்கொண்டு வர வேண்டாம், நெருப்பும் மூட்ட வேண்டாம்.

அப்பாவுக்கு 62 வயது, பிரஷர் குளிசை போடுகிறார். வர ஆசைப்படுகிறார். (அக்கரைப்பற்று)

தங்கச்சி, சில பிரஷர் குளிசைகள் மூத்திரத்தைக் கூடப் போக வைக்கும், அது இந்த வெயிலில் ஆபத்து. கிளினிக்கில் கேளுங்கள். என்னிடம் கேட்டால், மாசிக் கடைசியில் கூட்டிப் போங்கள் என்பேன். மார்கழி, தையில் கிரான் பக்கத்து ரோட்டை வெள்ளம் மூடிவிடும்.

என்ன சப்பாத்து? (வாழைச்சேனை)

அடி தேயாதது. பாட்டா செருப்பு இறங்கும்போது வழுக்கும்.

கண்ணிவெடிப் பயம் இன்னும் உண்டா? (செங்கலடி)

மட்டக்களப்பு 2017இல் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் போர் நடந்த காடு. துருப்பிடித்த இரும்பு எது கிடந்தாலும் தொடாதீர்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள்.

ஒருவர் மயங்கினால்? (திருக்கோவில்)

தலைசுற்று, குமட்டல், கால் பிடிப்பு என்றால் நிழலில் கிடத்தி, காலை உயர்த்தி, உப்புக் கலந்த தண்ணி கொடுங்கள். அன்றைய ஏற்றம் அத்தோடு சரி. ஆனால் ஆள் சம்பந்தமில்லாமல் கதைத்தால், உடம்பு நெருப்பாகச் சுட்டால், அது உயிராபத்து. குடிக்கக் கொடுக்காதீர்கள், புரை ஏறிவிடும். இருக்கிற தண்ணியெல்லாம் தலை, கழுத்து, கமக்கட்டில் ஊற்றி, துண்டால் விசிறுங்கள். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சிக்னல் இல்லாவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து அடிவாரத்துக்கு இறங்குங்கள், மற்றவர்கள் விசிறுவதை நிறுத்த வேண்டாம். அதனால்தான் நாலு பேருக்குக் குறைவாகப் போக வேண்டாம் என்கிறேன்.