சான்றிதழ்களை ஓரமாக வையுங்கள்

கேள்வி: கோவையில் அறுபது பேர் கொண்ட மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். சர்வர்களைக் கவனிக்க மூத்த கிளவுட் பொறியாளர் தேவை. வருகிறவர்கள் எல்லோரும் சான்றிதழ்களை அடுக்குகிறார்கள். தகுதியானவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நேர்காணலில் நான் முதலில் கேட்பது, "உங்கள் கையால் எது கெட்டது?" என்பதைத்தான். பத்து ஆண்டு அனுபவமுள்ளவர் "எதுவுமில்லை" என்றால், பொறுப்பான எதையும் யாரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

அடுத்து, நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்வேன். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணை சர்வரில் நீக்க வேண்டிய டேட்டாபேஸ் கோப்புகளை முதன்மை சர்வரில் நீக்கிவிட்டார். போனது சுமார் 300 ஜிபி. தினசரி பேக்கப்பைத் தேடினால், அது இருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் ஒரு பதிப்பு, பேக்கப் கருவி வேறொரு பதிப்பு. இரண்டும் பொருந்தாததால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் வந்துசேரவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. இத்தனையையும் மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பது தனிப் பெருமை.

"அந்த நாற்காலியில் நீங்கள் இருந்தால் முதல் பத்து நிமிடம் என்ன செய்வீர்கள்?" உடனே கட்டளைகளை ஒப்பிப்பவரை விட, "கையை எடுத்துவிடுவேன், மற்றவர்களை எழுப்புவேன், என்னென்ன பிரதிகள் மிச்சம் என்று பார்ப்பேன்" என்பவர் மேல். கடைசியாக எப்போது பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்தார், எத்தனை மணி நேரம் பிடித்தது என்றும் கேளுங்கள். நேரத்தைத் தயங்காமல் சொல்பவர் செய்து பார்த்தவர்.

உங்கள் கிளவுட் பில்லையும் அவர் முன் வையுங்கள். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில், மும்பைக்குள்ளேயே ஒரு ஸோனிலிருந்து (தனித்தனியே இயங்கும் டேட்டா சென்டர் தொகுதி) இன்னொன்றுக்குத் தரவு போனாலும் கட்டணம் உண்டு. அதற்காக எல்லாவற்றையும் ஒரே ஸோனில் போடச் சொல்பவரிடம், அந்த ஸோன் விழுந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

ஆள் கிடைத்த பிறகு பல நிறுவனங்கள் சறுக்கும் இடம் இரவுப் பணி. ஒரே ஆளை ஆண்டு முழுவதும் இரவில் எழுப்பினால் நிலைக்கமாட்டார். முறை வைத்துப் பிரிக்க இன்னும் இருவரைப் பழக்குங்கள். இரவு அழைப்புக்குத் தனிப்படி கொடுங்கள்.

பெரிய நிறுவனங்களிலிருந்து வருபவர் என்றால் 90 நாள் நோட்டீஸ் காலம் இருக்கலாம். அதுவரை காத்திருக்காமல், நேற்றைய பேக்கப்பை வேறொரு சர்வரில் மீட்டுப் பார்க்க இப்போதிருக்கும் குழுவிடம் இந்த வாரமே சொல்லுங்கள்.