சிக்கல் முதலில், பாடம் அப்புறம்

அன்புள்ள ஐயா,

திருமங்கலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எம்பெடெட் சிஸ்டம்ஸ் (கருவிகளுக்குள் வைக்கும் சின்னக் கம்ப்யூட்டர் பற்றிய பாடம்) எடுக்கிறேன். லேபில் பிள்ளைகள் மேனுவலைப் பார்த்து எல்இடியை மினுக்குவதோடு சரி. செமஸ்டர் கடைசியில் மினி ப்ராஜெக்ட் கொடுத்தால் ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி வந்துவிடுகிறார்கள். சிக்கல்வழிக் கற்றலை முயலலாமா? சிலபஸ் முடியுமா? மார்க் எப்படிப் போடுவது?

ஒரு விரிவுரையாளர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாராளமாக முயலுங்கள். ஆனால் பாடத்தை முடித்துவிட்டுக் கொடுக்கும் ப்ராஜெக்ட் வெறும் பயிற்சிதான். இந்த முறையில் சிக்கல் முதலில் வரவேண்டும், அது கேட்கிற பாடத்தைப் பிள்ளைகள் தேடிப் போகவேண்டும். 1969-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் மருத்துவ மாணவர்களுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. நோயாளியின் பிரச்சினையிலிருந்தே பாடம் தொடங்கும்.

உங்கள் பக்கம் நோயாளிக்கா பஞ்சம்? உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மோட்டார் ரூமுக்குக் கூட்டிப் போங்கள். "கிணத்துல தண்ணி வத்துனா மோட்டார் தானா நிக்கணும், வீட்டுலருந்து போன் போட்டா ஓடணும்." விவசாயி இவ்வளவுதான் சொல்வார். மீதியை இவர்கள்தான் கேட்டு வாங்கவேண்டும். கரண்டு போய்த் திரும்பினால் மோட்டார் தானே ஓடலாமா? அந்த நேரம் கிணற்றுக்குள் ஆள் இறங்கியிருந்தால்? இப்படிக் கேட்கத் தெரிவதற்கே ஒரு வாரம் போகட்டும்.

அப்புறம் இதற்காக அவர்கள் செய்யும் போர்டு அடம்பிடிக்கும். சிம் போட்டு போன் அழைப்பை வாங்கும் ஜிஎஸ்எம் மாட்யூல் டவரோடு பேசும்போது 2 ஆம்பியர் வரை இழுக்கும், ஒவ்வொரு தடவையும் 0.577 மில்லிசெகண்டுதான். லேப்டாப் யுஎஸ்பியிலிருந்து கரண்டு எடுத்திருந்தால் வோல்டேஜ் சரிந்து மாட்யூல் அணைந்து அணைந்து எழும். பிள்ளைகள் ப்ரோகிராமையே நோண்டிக்கொண்டிருப்பார்கள். மல்டிமீட்டர் வைத்தாலும் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல்தான் காட்டும். வோல்டேஜ் ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் போட்டால்தான் அந்தப் பள்ளம் தெரியும். உங்களுக்கு வாய் துறுதுறுக்கும், சொல்லிவிடாதீர்கள். ஸ்கோப்பை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

சிலபஸா? போர்டு மாட்யூலோடு தகவல் பரிமாற யுஏஆர்டி என்ற இணைப்பு வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார் குறைவான கரண்டு இழுக்கும், அதை அளந்து எண்ணாக மாற்ற ஏடிசி. தொங்கிப்போன ப்ரோகிராமை எழுப்ப வாட்ச்டாக் டைமர். இதிலேயே பெரும்பகுதி வந்துவிடும். வராததைக் கரும்பலகையில் நடத்துங்கள், குற்றமில்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பு: த்ரீ பேஸ் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். லேபில் ரிலேயும் (போர்டு சொன்னபடி கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒரு சின்ன 12 வோல்ட் பல்பும் போதும். ஸ்டார்ட்டரில் இணைப்பது எலக்ட்ரீஷியன் வேலை.

மார்க்குக்கு வருவோம். வைவாவில் ஒரு நிபந்தனையை மாற்றிக் கொடுங்கள்: "நான் சொல்ற ரெண்டு நம்பர்ல எதிலிருந்தாவது கூப்பிட்டால் மட்டும் ஓடணும், இப்பவே மாத்து." விலைக்கு வாங்கிய போர்டு அங்கேயே மாட்டிக்கொள்ளும். இன்டர்னல் மார்க்கில் பாதியை அவர்கள் எழுதும் நோட்டுக்கு வைத்துவிடுங்கள். என்றைக்கு எதைச் சந்தேகப்பட்டார்கள், எதை அளந்தார்கள், ஏன் மாற்றினார்கள் என்பதெல்லாம் அடித்தல் திருத்தலோடு அதில் இருக்கட்டும். துறைத்தலைவர் ரெக்கார்டு எங்கே என்று கேட்டால் அதையே நீட்டுங்கள்.