தோல் திசுப் பரிசோதனை: வாசகர் கேள்விகள், திசு ஆய்வு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: முழங்கையிலும் தலையிலும் வெள்ளிச் செதில்கள் உரிகின்றன. பயாப்ஸி (தோல் துண்டு எடுத்துச் சோதிப்பது) இல்லாமலே சொரியாசிஸ் என்கிறார் மருத்துவர். சரியா?

பதில்: சரி. இவ்வளவு தெளிவாக இருந்தால் கத்தி தேவையில்லை.

கேள்வி: அறிக்கையில் 'சொரியாசிஃபார்ம் டெர்மடைட்டிஸ்' என்று உள்ளது. அது சொரியாசிஸ்தானே?

பதில்: அன்று. அது திசு அமைப்பின் பெயர், நோயின் பெயரன்று. மேல்தோல் தடித்து அதன் வேர்கள் கீழ்நோக்கி நீள்வது நாள்பட்ட எக்ஸிமாவிலும், சொறிந்தே தடித்த தோலிலும், இரண்டாம் கட்டச் சிபிலிஸிலும்கூடக் காணப்படும். வேர்கள் ஒரே சீராக நீண்டு, மேல்தோலின் கிரானுலர் அடுக்கு (மணிகள் நிறைந்த செல்களின் அடுக்கு) குன்றி, உரியும் செதிலுக்குள் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளை அணுக்கள் கூட்டமாகத் தங்கியிருந்தால்தான் சொரியாசிஸ் என்று துணிவேன்.

கேள்வி: இரண்டு முறை பயாப்ஸி எடுத்தும் 'உறுதியாகக் கூற இயலவில்லை' என்றே வந்தது. ஆய்வகத்தில் குறையா? இடையில் மருந்துக் கடைக் களிம்பு மட்டும் தடவினேன்.

பதில்: 'மட்டும்' என்று நீங்கள் எழுதியதில்தான் விடை இருக்கிறது. இத்தகைய களிம்புகளில் இருக்கும் ஸ்டீராய்டு என்னும் அழற்சியடக்கி மருந்து பட்டதும் நியூட்ரோஃபில்கள் மறைகின்றன, குன்றிய கிரானுலர் அடுக்கு மீள்கிறது, தடிப்பும் தணிகிறது. நாங்கள் தேடும் அடையாளங்களையெல்லாம் அழித்துவிட்டு எங்களிடம் விடை கேட்கிறீர்கள். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் கலந்த களிம்பைச் சீட்டில்லாமல் விற்பதும் வாங்குவதும் எனக்குத் தீராத வருத்தம். ஒருமுறை படிவத்தில் 'தொடைத் தோல்' என்ற இரண்டே சொற்களுடன் ஒரு துண்டு வந்தது. வழக்கமான சாயத்தில் லேசான எக்ஸிமாவாகத் தெரிந்ததே, பூஞ்சையைக் காட்டும் பி.ஏ.எஸ். என்னும் சிறப்புச் சாயமிட்டதும் செதிலுக்குள் செந்நிற இழைகளைக் காட்டியது. அது படர்தாமரை, மாதக்கணக்கில் களிம்பால் மறைந்திருந்தது. மருத்துவரிடம் சொல்லிக் களிம்பைச் சுமார் 2 வாரம் நிறுத்திய பிறகே துண்டு எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சொரியாசிஸ் சீழ்க்கொப்புளங்களாக வெடிக்கக்கூடும்.

கேள்வி: ஸ்லைடின் கைப்பேசிப் படத்தை அனுப்பியுள்ளேன். என்ன நோய்?

பதில்: வயது, இடம், காலம் எதையும் எழுதாமல் படம் அனுப்புவதில் பயனில்லை.

கேள்வி: உள்ளங்கை வெடிப்பு எக்ஸிமாவா, சொரியாசிஸா?

பதில்: திசுவைக் கொண்டு மட்டும் பிரிப்பது கடினம், இரண்டிலும் மேல்தோல் செல்களுக்கிடையே நீர்க்கோப்பு வரும். நகங்களையும் தலையையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பிட்டத்தில் 10 ஆண்டுகளாகத் திட்டுகள், சொரியாசிஸ் மருந்துக்கு அடங்கவில்லை. மீண்டும் பயாப்ஸி வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்னும் தோல் லிம்ஃபோமா (ஒருவகைப் புற்றுநோய்) பல ஆண்டுகள் இவ்வாறே நடமாடும். ஒரே துண்டில் பிடிபடாமலும் போகும். ஆகவே இரண்டு மூன்று இடங்களில், சுமார் 4 மில்லிமீட்டர் அளவில் எடுக்கச் சொல்லுங்கள். பழைய அறிக்கைகளையும் உடன் அனுப்புங்கள். களிம்பை முன்கூட்டியே நிறுத்த வேண்டும் என்பது உங்களுக்கும் பொருந்தும்.