கிறிஸ்துமஸ் அன்பளிப்பு: வாசகர் கேட்டவை

கேள்வி: மூன்று ராஜாக்கள் குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுவந்ததால்தான் நாமும் பரிசு கொடுக்கிறோம் என்று ஓய்வுநாள் பள்ளியில் படித்தேன். எல்லாம் சாண்டாவால் வந்தது என்கிறாள் என் மகள். எது சரி? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: இருவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. முதலில் மத்தேயு 2-ஆம் அதிகாரம், 11-ஆம் வசனத்தைப் பாருங்கள். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றுதான். வந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்த அதிகாரத்தில் எங்குமே இல்லை. அவர்களை ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை, சாஸ்திரிகள் என்றே இருக்கிறது. பொருள் மூன்றானதால் ஆளையும் மூன்றாக்கிவிட்டார்கள். அவர்கள் போனதும் ஒரு வீட்டுக்குள். மாட்டுத் தொழுவத்தில் நிறுத்தியது பிற்கால வழக்கம். ஸ்பெயினில் பிள்ளைகளுக்கு இன்றும் இவர்கள் பெயரைச் சொல்லித்தான் பரிசு தருகிறார்கள், அதுவும் ஜனவரி 6 அன்று.

டிசம்பரில் பொருள் கொடுத்து வாங்கும் பழக்கம் கிறிஸ்துமஸுக்கு முன்பே ரோமில் இருந்தது. டிசம்பர் 17-இல் தொடங்கும் சாட்டர்நேலியா பண்டிகையில் மெழுகுதிரியும் சின்னச் சின்ன மண்பொம்மைகளும் கைமாறும். புத்தாண்டுக்கும் தனியாகக் கொடுப்பார்கள். அந்தப் புத்தாண்டு வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலம் நீடித்தது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் அரசவையில்கூட அன்பளிப்புக்கு உரிய நாள் புத்தாண்டுதான்.

மகள் சொல்லும் சாண்டாவின் மூலவர் நிக்கலஸ், 4-ஆம் நூற்றாண்டில் மீரா நகரத்து ஆயராக இருந்தவர். அந்த ஊர் இன்றைய துருக்கியின் டெம்ரே. அவரைப் பற்றிய கதை நமக்கு நன்றாகவே புரியும்: மூன்று பெண்களைப் பெற்ற தகப்பன், வரதட்சணை கொடுக்க வழியில்லாமல் தவிக்கிறார். நிக்கலஸ் இரவோடு இரவாக ஜன்னல் வழியே பொன்முடிப்பை வீசிவிட்டுப் போகிறார். கதை ஊர் ஊராகப் போனபோது ஜன்னல் புகைபோக்கியானது, பொன் காயப்போட்ட காலுறைக்குள் விழுந்தது. கொடுத்தவர் யாரென்று தெரியக்கூடாது என்பது மட்டும் மாறவில்லை.

அவருடைய திருநாள் டிசம்பர் 6. நெதர்லாந்தில் அதற்கு முந்தைய மாலையில்தான் பரிசு. லூத்தரின் சீர்திருத்தத்துக்குப் பிறகு ஜெர்மனியின் புராட்டஸ்டண்டுகள் புனிதர் வணக்கத்தை விட்டார்கள்; பரிசைக் கொண்டுவருபவர் குழந்தை இயேசு என்றானது, நாளும் கிறிஸ்துமஸுக்கு நகர்ந்தது. டச்சுக்காரர்களின் சின்டர்கிளாஸ் அமெரிக்காவில் சாண்டா கிளாஸ் ஆனார். 1823-இல் ஒரு செய்தித்தாளில் வந்த கவிதை அவருக்கு எட்டுக் கலைமான்களைத் தந்தது. 1863 முதல் தாமஸ் நாஸ்ட் வரைந்த படங்கள் தொப்பையையும் தாடியையும் மனத்தில் பதித்தன. சிவப்பு உடை கோக்கோ கோலாவின் 1931 விளம்பரத்தில் பிறந்தது என்பார்கள். அதை நம்பவேண்டாம், அதற்கு முன்பே சிவப்பில் வரைந்திருக்கிறார்கள்.

கேள்வி: அலுவலகத்தில் சீக்ரெட் சாண்டா, சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாகப் பரிசு கொடுக்கவேண்டும். 20 வெள்ளி வரம்பு. எனக்கு யார் பெயர் வரும் என்று தெரியாது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரும் இருக்கிறார்கள். எதைத் தவிர்க்கலாம்? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: சீனச் சக ஊழியருக்குக் கடிகாரம், கத்தி, கத்தரிக்கோல், கைக்குட்டை வேண்டாம். கடிகாரமும் கைக்குட்டையும் சாவை நினைவூட்டும், வெட்டும் பொருள் உறவை வெட்டும் என்பது நம்பிக்கை. இளையவர்கள் பலர் பொருட்படுத்துவதில்லை, ஆனால் அவர் வீட்டில் பாட்டி இருப்பார். முழு வெள்ளைத் தாளிலும் கறுப்புத் தாளிலும் சுற்றாதீர்கள். நான்கு நான்காக அடுக்கிய பொருளும் வேண்டாம்.

மலாய் நண்பருக்குத் தின்பண்டம் என்றால் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் முத்திரையைப் பாருங்கள். ரம் ஊறிய பிளம் கேக் மட்டுமல்ல, மதுச்சாறு நிரப்பிய சாக்லெட்டும் ஜெலட்டின் சேர்ந்த மார்ஷ்மெல்லோவும் மாட்டிவிடும். ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வரலாம் என்பதால் இந்து நண்பருக்கும் அது ஒத்துவராது. தோல் பணப்பையும் சந்தேகத்துக்குரியதே. யாருக்கும் இடிக்காதது: சிறு செடி, எழுதுபொருள், தேநீர்.

சீட்டுக் குலுக்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கடைசி ஆளுக்கு மிஞ்சுவது அவர் பெயராகவே இருந்தால் எல்லாவற்றையும் மறுபடி குலுக்கவேண்டும். அதற்குப் பதில் பெயர்களைக் கலைத்து வரிசையாக எழுதி, ஒவ்வொருவரும் தனக்கு அடுத்தவருக்கு, கடைசியில் உள்ளவர் முதலில் உள்ளவருக்கு என்று வைத்தால் தன் பெயர் தனக்கு வரவே வராது. இதை விளையாட்டில் சேராத ஒருவர் செய்யட்டும். வரம்பை ‘15 முதல் 20 வெள்ளி’ என்று வையுங்கள். கீழ்வரம்பு இல்லாதபோதுதான் மனத்தாங்கல் வருகிறது. வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மலிவான பொருள்களுக்கும் 2023 முதல் வரி உண்டு.

கேள்வி: பரிசுத்தாள் எப்போதும் போதாமல் போகிறது, இல்லாவிட்டால் ஓரத்தில் மூட்டையாகிறது. கணக்கு இருக்கிறதா? (வாசகி, ஈசூன்)

பதில்: இருக்கிறது. 30 செ.மீ. நீளம், 20 அகலம், 10 உயரமுள்ள பெட்டி என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவுப் பக்கம்: அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரட்டித்தால் 60, ஒட்ட 3 சேர்த்து 63. மறுபக்கம்: நீளத்தோடு உயரத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது 45. 50-க்கு 70 தாள் ஒன்றில் அடங்கிவிடும். மூட்டையாவதற்குக் காரணம் இந்த ஒன்றரை மடங்கை மீறுவதுதான். மிச்சத்தைத் தயங்காமல் வெட்டுங்கள். குறுக்கும் நெடுக்குமாக ரிப்பன் கட்ட 140, முடிச்சுப் பூவுக்கு 60, ஆக 2 மீட்டர். பிளாஸ்டிக் பூச்சும் மினுமினுப்பும் உள்ள தாளை நீல மறுசுழற்சித் தொட்டியில் போடாதீர்கள். கசக்கிப் பாருங்கள், விரிந்துகொண்டால் அது வெறும் காகிதம் அல்ல.

கேள்வி: அக்கம்பக்கத்துக்கு அச்சு முறுக்கும் கல்கலாவும் கொடுக்கிறேன். இரண்டே நாளில் நமத்துப்போகிறது. (வாசகி, ஜூரோங் வெஸ்ட்)

பதில்: டிசம்பர் இங்கே மழைக்காலம், காற்றிலேயே ஈரம். ஆனாலும் பாதித் தவறு வாணலியில் நடக்கிறது. அச்சு முறுக்கைப் பொன்னிறம் வந்தவுடன் எடுத்தால் உள்ளே ஈரம் நிற்கும். நடுத்தரத் தீயில், எண்ணெய்க் குமிழ் அடங்கும்வரை விடுங்கள். தீ அதிகமானால் வெளியே சிவந்து உள்ளே மெத்தென்றிருக்கும். கம்பித் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரு மணி நேரமாவது ஆறவேண்டும். கை வைத்தால் சூடு தெரியாத முறுக்கிலும் நடுவில் வெதுவெதுப்பு இருக்கும். அதை டின்னில் அடைத்தால் மூடியின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும்.

சமையல்தாள் விரித்த டின்தான் நல்லது. கண்ணாடித்தாள் பையில் ரிப்பன் கட்டிக் கொடுப்பது பார்க்க அழகு, காற்று உள்ளே போய்விடும். அன்றே தின்பவருக்கு மட்டும் அப்படிக் கொடுங்கள். நமத்துப்போனதை 120 டிகிரி அவனில் ஐந்தாறு நிமிடம் வைத்து, மறுபடி முழுதாக ஆறவிட்டால் மீளும். சைவ வீட்டுக்குக் கொடுக்கும்போது மாவில் முட்டை இருப்பதைச் சொல்லிவிடுங்கள். கேட்க அவர்கள் கூச்சப்படுவார்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு மறுநாளான பாக்ஸிங் டே நமக்கு ஏன் விடுமுறை இல்லை? (வாசகர், பொங்கோல்)

பதில்: முன்பு இருந்தது. 1968-இல் பொது விடுமுறைகளை 16-லிருந்து 11-ஆகக் குறைத்தபோது தைப்பூசத்தோடு அதுவும் போயிற்று. பிரிட்டனில் வேலையாட்களுக்கும் கடைப்பையன்களுக்கும் அன்று அன்பளிப்புப் பெட்டி கொடுப்பது வழக்கம்.

கேள்வி: எங்கள் பணிப்பெண் பிலிப்பீன்ஸ்காரர். கிறிஸ்துமஸுக்கு என்ன கொடுக்கலாம்? (வாசகி, சிராங்கூன்)

பதில்: நேரம் கொடுங்கள். டிசம்பர் 16 முதல் 24 வரை அவர்களுக்கு ‘சிம்பாங் காபி’ என்ற ஒன்பது நாள் திருப்பலி உண்டு. 24 இரவு நள்ளிரவு விருந்து. அந்த இரவும் மறுநாளும் ஓய்வு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவரும் தோழிகளோடு ஏற்பாடு செய்துகொள்வார். மேலே ரொக்கம் தருவதானால் உறையில், சம்பளக் கணக்கோடு கலக்காமல் தாருங்கள். ஊருக்குக் கப்பலில் பெட்டி அனுப்ப உதவ நினைத்தால் டிசம்பரில் நினைத்துப் பயனில்லை. தீவுகளுக்குப் போய்ச்சேர வாரக்கணக்கில் ஆகும், அக்டோபரிலேயே பெட்டி கிளம்பவேண்டும். அதில் பணமும் நகையும் வைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள்.