கேள்வி - பதில்: பைக் பயணமும் மூட்டை முடிச்சும்

கேள்வி: ஜூலையில் ஹிமாலயன் 411 பைக்கில் மணாலியிலிருந்து லே வரை கூடாரத்துடன் போகிறேன். பின்னால் ஒரு பெரிய பெட்டி பொருத்திக்கொள்ளலாமா? மடக்கு நாற்காலியும் எடுத்துச் செல்ல ஆசை. (வாசகர், ஈரோடு)

பதில்: பெட்டி வேண்டாம் ஐயா. பின்சக்கர அச்சுக்கும் பின்னால், அதுவும் உயரத்தில் கனம் ஏறினால் முன்சக்கரம் லேசாகிவிடும். பாரலாச்சா கணவாயை ஒட்டிய உருகுபனி ஓடைகளில் ஹேண்டில்பார் உங்கள் பேச்சைக் கேட்காது. இருபுறமும் தொங்கும் பைகளே நல்லவை. கருவிகளும் அடுப்பும் அவற்றின் அடியில். தூக்கப்பையும் உடைகளும் இருக்கைமேல் குறுக்காக. கூடாரம் எல்லாவற்றுக்கும் மேலே. வழியில் கூடாரம் போடும் இடமான சர்ச்சுவில் மழையோடு வந்து இறங்குபவர் முதலில் தேடுவது அதைத்தான்.

கொக்கி வைத்த ரப்பர் கயிற்றை நான் நம்புவதே இல்லை. குலுக்கலில் தளர்ந்து செயினில் போய் மாட்டும். பக்கிள் வைத்த நைலான் பட்டை வாங்குங்கள், தொங்கும் முனையைச் செருகிவிடுங்கள். கிளம்பிய அரைமணி நேரத்தில் நிறுத்தி மீண்டும் இறுக்குங்கள்.

வழியில் தண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்' என்ற பலகை பிரபலம். டேங்க் 15 லிட்டர்தான். சுமையோடு ஏறும்போது மைலேஜ் குறையும். கேனில் 5 லிட்டர் தனியாக வையுங்கள், சைலன்சருக்கு எதிர்ப்பக்கம். அது ஏறக்குறைய 3.7 கிலோ, அதற்கேற்பக் கருவிகளை மறுபக்கம் மாற்றுங்கள்.

அடுப்புக்கு வெறும் பியூட்டேன் கேஸ் உறைகுளிரில் எரியாது, புரோப்பேன் கலந்ததாக வேண்டும்.

நாற்காலி வீட்டிலேயே இருக்கட்டும்.