செம்மஞ்சள் பட்டையில் நாமும் இருக்கிறோமா?

வணக்கம் ஐயா,

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இலங்கைத் தேசியக் கொடியில் பச்சைப் பட்டை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு என்று சொல்லிக் கொடுத்தேன். "நாமளும் அதுல இருக்கோமா டீச்சர்?" என்று ஐந்தாம் தரப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். இருக்கிறோம் என்றேன். சரிதானா?

அன்புள்ள டீச்சர்,

சரிதான். ஆனால் பிள்ளையிடம் வருடங்களையும் சொல்லுங்கள்.

1948 பெப்ரவரி 4 அன்று ஏற்றிய கொடியில் பட்டைகளே இல்லை. வாளேந்திய சிங்கம் மட்டும்தான். பிறகு அமைச்சர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தலைமையில் ஒரு குழு கூடிப் பட்டைகளைச் சேர்க்கச் சொன்னது. பட்டைகள் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே, தனியாக நிற்கின்றன, பார்த்திருப்பீர்கள். குழுவில் இருந்த செனட்டர் நடேசன் இதற்கு உடன்படவில்லை. 1951இல் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டது. நான்கு மூலை அரசிலைகள் 1972இல் வந்தவை.

இதற்கு நடுவில்தான், 1948 நவம்பரில், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது, அப்பாவும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் தாத்தாவும் பூட்டனும் பிறந்ததைக் காட்ட வேண்டும். தோட்டத்து லய வீட்டில் பிறந்தவரிடம் அந்தப் பத்திரமெல்லாம் ஏது? 1947இல் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனத்தில் பெரும்பாலோருக்கு 1952இல் வாக்கே இல்லை. செம்மஞ்சள் பட்டை கொடியில் ஏறியபோது மலையகத் தமிழரான நம்மவர்கள் நாடற்றவர்களாக நின்றார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அந்தச் சிங்கமும் நம் மலையிலிருந்து போனதுதான். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடி அது. நாயக்கர் வம்சத்தவர், இயற்பெயர் கண்ணுசாமி. 1815இல் கண்டி வீழ்ந்ததும் வெள்ளையர் கொடியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள்; நூறு வருடம் கழித்து ஈ. டபிள்யூ. பெரேரா அதை லண்டன் செல்சியில் கண்டெடுத்தார். அரசரை வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். அவரை நாடுகடத்திய சில வருடங்களில், அதே தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோரை மன்னார் வழியாக நடத்திக் கூட்டிவந்து, அவருடைய மலைகளில் கோப்பி நடவைத்தார்கள்.

என் அப்பாயிக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. பட்டை வந்து 52 வருடம். அதுவரை அவர் பறித்த தேயிலைக் கொழுந்து இந்த நாட்டின் பெயரில்தான் கப்பலேறியது.

அடுத்த சுதந்திர தினத்துக்கு முன், பாட்டிக்கு எந்த வருடம் பிரஜாவுரிமை கிடைத்தது என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். கொடி வரையும் கொப்பியில், செம்மஞ்சள் பட்டைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் அந்த வருடத்தை எழுதட்டும்.