திரை சின்னது, டெஸ்க்டாப் பெரிது: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாமே ஒரு கவலையைச் சுற்றித்தான்: திரையில் இடம் பத்தவில்லை. பதில் சொல்லும் முன் நான் கேட்பது ஒன்றுதான். எல்லாம் ஒரே பார்வையில் தெரிய வேண்டுமா, இல்லை தேவைப்படும்போது எட்டினால் போதுமா? வழி அதைப் பொறுத்து மாறும்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். திரை 1366-க்கு 768 புள்ளிகள். ப்ரோகிராம் எழுதினால் மேலே இருப்பது தெரிந்தால் கீழே தெரிவதில்லை. டெஸ்க்டாப்பைத் திரையை விடப் பெரிதாக வைக்கலாம் என்று சீனியர் சொல்கிறார். நிஜமா சார்?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

நிஜம்தான்மா. 'பேனிங்' என்பார்கள். டெஸ்க்டாப், அதாவது ஜன்னல்களைப் பரப்பி வைக்கும் இடம், பெரிதாக இருக்கும். திரை அதில் ஒரு பகுதியை மட்டும் காட்டும். மவுஸை ஓரத்துக்குக் கொண்டுபோனால் காட்சி நகர்ந்து மறைந்திருக்கும் பகுதி வரும்.

கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் எக்ஸ்ரேண்டர் (xrandr) என்று மட்டும் அடித்துப் பாருங்கள். முதல் வரியிலேயே இப்போதைய அளவும், போகக்கூடிய உச்ச அளவும் இருக்கும். கீழே 'கனெக்டட்' என்று வரும் வரியின் முதல் சொல்தான் உங்கள் திரையின் பெயர். லேப்டாப்பில் பெரும்பாலும் எல்விடிஎஸ் அல்லது இடிபி என்று தொடங்கும். அடுத்து அதே கட்டளையோடு அவுட்புட் என்ற விருப்பத்தில் அந்தப் பெயரையும், பேனிங் என்ற விருப்பத்தில் அகலம், உயரத்தையும் கொடுங்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஆங்கில எக்ஸ் எழுத்து, இடைவெளி கூடாது. விருப்பங்களின் முன்னால் இரண்டு கோடு போட மறக்க வேண்டாம். எதையாவது தப்பாகக் கொடுத்துத் திரை குழம்பினாலும் பயமில்லை, ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி வந்துவிடும். அதனாலேயே, பிடித்துப்போனால் கட்டளையை ஸ்டார்ட்அப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும்.

எல்லோரும் உடனே 1920-க்கு 1080 கொடுப்பார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். அந்த அளவில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். உங்கள் திரையில் இருப்பதோ 10,49,088. அதாவது எப்போதும் பாதி டெஸ்க்டாப் கண்ணில் படாது. அதோடு காட்சி நாலு பக்கமும் வழுக்கிக்கொண்டே இருந்தால் தலை கிறுகிறுக்கும். உங்களுக்குக் குறைவது உயரம்தானே? அகலத்தை 1366 ஆகவே விட்டு, உயரத்தை மட்டும் 1200 ஆக்குங்கள். காட்சி மேலும் கீழும் மட்டும்தான் நகரும். ப்ரோகிராம் மேலே, டெர்மினல் கீழே என்று வைத்துக்கொண்டால் ரெண்டு நாளில் கை பழகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். காட்சி நகர்வது மவுஸைப் பின்தொடர்ந்துதான், நீங்கள் டைப் செய்யும் இடத்தைப் பின்தொடர்ந்து அல்ல. மவுஸ் மேலே நிற்க, கீழே இருக்கும் ஜன்னலில் டைப் செய்தால் அடிப்பது ஒன்றும் தெரியாது. முதலில் மவுஸ், பிறகு கீபோர்டு. அப்புறம், இந்த முறை, லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் பழைய மென்பொருளான எக்ஸ் சர்வரில்தான் நடக்கும். அதற்கு மாற்றாக வந்த வேலண்டில் ஓடினால் லாகின் திரையிலேயே எக்ஸ் செஷனுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

அதே எக்ஸ்ரேண்டரில் ஸ்கேல் கொடுத்தால் மொத்தமும் ஒரே திரையில் தெரியுமாமே? அது மேல் இல்லையா?
– ஊத்தங்கரை வாசகர்

தெரியும், ஆனால் சுருங்கித் தெரியும். 1.25 கொடுத்தால் அதே 1366-க்கு 768 திரையில் ஏறக்குறைய 1707-க்கு 960 அளவுள்ள டெஸ்க்டாப் அடங்கும். ஐந்து புள்ளிகளை நாலு புள்ளிக்குள் திணிக்கிறோம், எழுத்து மங்கத்தான் செய்யும். தமிழில் இது இன்னும் மோசம்: சிறிய எழுத்தில் ண, ன வித்தியாசம் தெரியாமல் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிவரும். படம் பார்க்க, பக்க அமைப்பைச் சரிபார்க்கச் சரி. நாள் முழுக்கப் படிக்கிற வேலைக்கு வேண்டாம், கண் முக்கியம்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் டிசைன் கடை. கோரல்ட்ராவில் பேனர் போடும்போது கலர், ஃபாண்ட் பெட்டிகளே பாதித் திரையை அடைத்துக்கொள்கின்றன. விண்டோஸ் 10-ல் நிறைய டெஸ்க்டாப் வைக்கலாமே, அது உதவுமா?

உதவாது. விண்டோஸ் பட்டன், கண்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புது டெஸ்க்டாப் வரும். டி-க்குப் பதில் இடது, வலது அம்பை அழுத்தினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். ஆனால் ஒவ்வொன்றும் அதே திரை அளவுதான். வாட்ஸ்அப்பில் வரும் மேட்டரை ஒன்றில், டிசைனை இன்னொன்றில் வைக்க நல்லது. உங்களுக்கோ பெட்டிகளும் பேனரும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். அதற்குப் பழைய மானிட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். விண்டோஸ் பட்டனோடு பி அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' கொடுத்து, பெட்டிகளை அங்கே இழுத்துப் போடுங்கள். மென்பொருள் வித்தை எதுவும் இதற்கு ஈடாகாது.

கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலையில் கணக்கு பார்க்கிறேன். லாரி வரவு, ரகம், எடை, விவசாயி பெயர் என்று எக்செல் ஷீட் வலது பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது. டெஸ்க்டாப்பைப் பெரிதாக்கினால் தீருமா?

எக்செல் ஷீட்டே திரையை விடப் பெரியதுதான், அதற்கு மேல் டெஸ்க்டாப்பையும் பெரிதாக்கினால் இரட்டை வேலை. விவசாயி பெயரை முதல் பத்தியில் வைத்து, வியூ மெனுவில் ஃப்ரீஸ் பேன்ஸ் போடுங்கள். சீசனில் எத்தனை பத்தி வந்தாலும் பெயர் கண்ணை விட்டுப் போகாது.

திரையை விடப் பெரிய டெஸ்க்டாப் என்பதெல்லாம் புதுசா வந்ததா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், பென்னாகரம்

இல்லை ஐயா. 1990-ல் அமிகா கணினிகளுக்கு வந்த வொர்க்பெஞ்ச் 2-லேயே மவுஸ் ஓரத்துக்குப் போனால் திரை நகரும். லினக்ஸின் ஆரம்ப காலத்தில் எக்ஸ்ஃப்ரீ86 என்ற எக்ஸ் சர்வரின் அமைப்புக் கோப்பில் 'வர்ச்சுவல்' என்று ஒரு வரி எழுதினால் போதும், 640-க்கு 480 மானிட்டரிலும் பெரிய டெஸ்க்டாப் கிடைக்கும். அன்றைக்குப் பெரிய மானிட்டர் விலை எட்டாததால் வந்த தேவை அது.

ஓசூரில் டூல் டிசைன். முழு எச்டி (1920-க்கு 1080) மானிட்டர், என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு, விண்டோஸ். லினக்ஸ் மாதிரி இங்கே செய்ய வழி உண்டா?

நேரடியாக இல்லை, சுற்றி வரலாம். என்விடியா கண்ட்ரோல் பேனலில் டிஎஸ்ஆர் என்று ஒரு வசதி உண்டு, திரையை விடப் பெரிய அளவில் வரைந்து சுருக்கிக் காட்டும். அதில் 4 மடங்கை இயக்கினால் 3840-க்கு 2160 தேர்வு கிடைக்கும். அதை முழு எச்டிக்குச் சுருக்கிக் காட்டுவதால் எழுத்து பொடியாகும். அப்போது விண்டோஸ் பட்டனோடு பிளஸ் அழுத்தி, திரையைப் பெரிதாக்கிக் காட்டும் மேக்னிஃபையரை 200 சதவீதத்துக்குக் கொண்டுபோங்கள். மவுஸ் போகிற பக்கமெல்லாம் காட்சி நகரும், கிட்டத்தட்ட பேனிங்தான். வேண்டாம் என்றால் விண்டோஸ் பட்டனும் எஸ்கேப்பும். முழு அசெம்பிளியைப் பார்க்க ஒரு நிலை, அளவு குறிக்க ஒரு நிலை என்று மாறி மாறிப் பயன்படுத்தலாம். இதே வித்தையை லேப்டாப்பில் தேடாதீர்கள். பல லேப்டாப்களில் திரை இன்டெல் சிப்போடு இணைந்திருப்பதால் டிஎஸ்ஆர் கண்ணிலேயே படாது.

காரிமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை. ப்ரின்டர் செட்டிங்ஸ் பெட்டி திரையை விட நீளம், ஓகே பட்டன் கீழே மாட்டிக்கொள்கிறது. மேலே இழுத்தாலும் வருவதில்லை.

மவுஸால் இழுத்தால் தலைப்புப் பட்டை திரையின் உச்சியைத் தாண்டாது. ஆல்ட், ஸ்பேஸ் சேர்த்து அழுத்தி, பிறகு எம் அழுத்துங்கள். இப்போது மேல் அம்பை அழுத்திக்கொண்டே இருந்தால் பெட்டி மேலே ஏறும், ஓகே தெரிந்ததும் என்டர். லினக்ஸ் என்றால் பல டெஸ்க்டாப்களில் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு பெட்டியை எங்கே தொட்டு இழுத்தாலும் நகரும். ப்ரொஜெக்டர் கழற்றிய பின் காணாமல் போகும் ஜன்னலுக்கும் இதே ஆல்ட், ஸ்பேஸ், எம்தான். எம் அழுத்தியதும் ஏதாவது ஒரு அம்பை ஒரு தரம் தட்டிவிட்டு மவுஸை அசைத்தால் ஜன்னல் அதோடு ஒட்டிக்கொண்டு திரைக்குள் வந்துவிடும்.